டம்ளர், நாற்காலி, மடித்த துணி: வீட்டுப் பொருள்களைக் கலைக்கண்ணால் பார்க்கத் தொடங்குவது எப்படி?

ஒரு காகிதத்தை எடுத்து, எதையும் பார்க்காமல், மனத்தில் இருக்கிறபடி ஒரு டம்ளரை வரையுங்கள். பெரும்பாலானவர்கள் மேலே ஒரு முட்டை வடிவம் போட்டு, இரண்டு பக்கமும் கோடு இறக்கி, அடியில் நேராக ஒரு கோடு இழுத்து முடிப்பார்கள். பிறகு நிஜமான டம்ளரை மேசைமேல் வைத்துச் சற்று மேலிருந்து பாருங்கள். அடி நேர்கோடாகத் தெரியாது, வளைந்திருக்கும். அதுவும் வாய்ப்பகுதியைவிடக் கூடுதலாகவே வளைந்திருக்கும். தினமும் பலமுறை கையில் எடுக்கிற பொருள்தான். ஆனாலும் அதன் அடி கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை நாம் கவனித்ததே இல்லை.

இது பார்வைக் கோளாறு இல்லை. 'டம்ளர்' என்று அடையாளம் கண்டதும் மூளை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. தண்ணீர் குடிக்க அவ்வளவு தெரிந்தால் போதும். வரையச் சொன்னால் சிக்கல் வருகிறது. டம்ளர் ஆடாமல் நிற்கிறது, ஆகவே அதன் அடி தட்டை என்று மூளைக்குத் தெரியும். கை அந்த அறிவைத்தான் வரைகிறது, காட்சியை விட்டுவிடுகிறது.

அன்றாடப் பொருள்களில் அழகைக் காண்பது என்கிற பேச்சை இந்த இடத்தில் தொடங்குவதுதான் சரி. அழகான சாமானாகத் தேடி வாங்கி அடுக்குவது அலங்காரம். அதற்குத் தனி இன்பம் உண்டு, அது வேறு விஷயம். இங்கே சொல்லப்போவது, ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் ஒரு பொருளை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வைக்கும் பயிற்சி. அதற்கு வரைவதைப் போல நம்பகமான வழி வேறில்லை. சரியாகப் பார்க்காத இடம் காகிதத்தில் உடனே மாட்டிக்கொள்ளும்.

கடைசிப் படியில் இருந்த ஓவியம்

அசையாத பொருள்களை வைத்து வரையும் ஓவிய வகையை ஓவியப் பள்ளிகளில் ஸ்டில் லைஃப் என்பார்கள். பழமையான வகைதான். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த, இத்தாலியின் பாம்பேய் நகரத்துச் சுவரோவியம் ஒன்றில், பழங்கள் நிறைந்த கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கண்ணாடியின் ஊடாக உள்ளே இருக்கும் பழமும் தெரியும்படி தீட்டியிருக்கிறார்கள். ஆனால் மதிப்பு மட்டும் இந்த வகைக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் அரச ஓவியக் கழகம் ஓவியங்களைத் தரவரிசைப்படுத்தியபோது, வரலாற்றுக் காட்சிகளும் புராணக் காட்சிகளும் உச்சியில் நின்றன. பாத்திரமும் பழமும் கடைசிப் படியில் இருந்தன.

அந்தக் கழகத்தில் 1728-ல் சேர்ந்தவர் ஷார்தேன் (1699–1779). 'விலங்குகளும் பழங்களும் வரைபவர்' என்ற வகையில்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய சிறிய ஓவியம் ஒன்றில், மரக்கால்கள்மேல் நிற்கும் செம்புத் தண்ணீர்த் தொட்டியும் வாளியும் குடுவையும்தான் உண்டு. 1761 வாக்கில் தீட்டிய இன்னொன்றில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், ஒரு காபிக் கெண்டி, சில பூண்டுகள், அவ்வளவுதான். கதை கிடையாது, மனிதர்கள் கிடையாது. தண்ணீரில் வெளிச்சம் எங்கே தங்குகிறது, கெண்டியின் கரிய உடலில் எங்கே வழுக்குகிறது என்பதே ஓவியத்தின் முழு விஷயம். இதைப் பார்த்தபின் பொருளுக்குத் தரவரிசை போட்டது எவ்வளவு வீண்வேலை என்று புரியும்.

இன்னும் ஒரு படி போனவர் ஜோர்ஜோ மொராண்டி (1890–1964). இத்தாலியின் பொலோனியா நகரில் வாழ்ந்தவர். தன் படுக்கையறையையே பட்டறையாக வைத்துக்கொண்டு, அதே பாட்டில்கள், குடுவைகள், டப்பாக்களைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார். பாட்டில்களின் பளபளப்பு தொந்தரவு செய்யாமலிருக்க அவற்றின்மேல் மங்கலான வண்ணம் பூசினார், தூசி படியவும் விட்டார். மேசையில் விரித்த காகிதத்தில் ஒவ்வொரு பொருளும் நிற்கும் இடத்தைக் கோடிட்டுக் குறித்துவைத்தார். ஒரு குடுவையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அவருக்கு அது புதிய ஓவியம். தொடங்குபவர்கள் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு: பொருளின் எண்ணிக்கையைக் குறைப்பது, ஒரே பொருளிடம் திரும்பத் திரும்பப் போவது.

எதை எடுப்பது, எங்கே வைப்பது

முதல் முறைக்கு ஒரே ஒரு பொருள் போதும். 10 முதல் 25 செ.மீ. உயரம், பளபளப்பு இல்லாத மேற்பரப்பு, ஒரே நிறம், தினமும் கைபடும் பொருள். பீங்கான் கோப்பை, மண் குடுவை, மரக்கிண்ணம், பழைய பிளாஸ்டிக் குவளை எல்லாம் நல்ல தேர்வு. எவர்சில்வர் பாத்திரத்தை இப்போது எடுக்காதீர்கள். அதன் மேற்பரப்பில் அறை முழுவதும் நெளிந்து தெரியும். உருவத்தைச் சொல்லும் நிழலைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பிரதிபலிப்புகளில் சிக்கிக்கொள்வீர்கள். கண்ணாடியும், பூப்போட்ட பொருளும், எழுத்து அச்சடித்த டப்பாவும் அப்புறம்தான். எழுத்து இருந்தால் கண் அதை வாசிக்கப் போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். இதில் கஞ்சத்தனம் செய்பவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். கூரையில் எரியும் விளக்கு அறையெங்கும் சமமாக ஒளியைப் பரப்பி, நிழலை அழித்துவிடும். உருண்டையான கோப்பையும் தட்டையாகத் தெரியும். எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசைவிளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். பொருளிலிருந்து 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் தூரம், பொருளைவிட உயரம், கிட்டத்தட்ட 45 பாகைச் சாய்வில் ஒளி விழ வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் கையின் நிழல் காகிதத்தில் விழும். ஜன்னல் வெளிச்சம் இதைவிட அழகு, சந்தேகமில்லை. ஆனால் நேரடி வெயில் விழும் ஜன்னல் என்றால் நாற்பது நிமிடத்தில் நிழல் இடம் மாறிவிடும். பாதி ஓவியம் ஒரு நேரத்தையும் மீதி இன்னொரு நேரத்தையும் காட்டும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். எச்.பி., 2பி, 4பி பென்சில்கள் ஒவ்வொன்று (பி-யின் எண் கூடக்கூடக் கோடு மென்மையாகவும் கருமையாகவும் விழும்), ஏ4 அளவில் சற்றுக் கனமான தாள், மென்மையான ரப்பர், மேசையில் குறி வைக்கக் கொஞ்சம் ஒட்டுநாடா. பொருளின் அடியைச் சுற்றியும் உங்கள் நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்திலும் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டிவிடுங்கள். எழுந்து போய்த் திரும்பி வந்தாலும் அதே காட்சி கிடைக்கும்.

வரையும்போது நடப்பது

பொருளின் உயரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரத்தில் உட்காருங்கள். அதைவிட நெருங்கினால் மேலிருந்து கீழே பார்க்கத் தலையை ஆட்ட வேண்டிவரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வடிவம் தெரியும்.

முதலில் அளவெடுப்பது. பென்சிலைப் பிடித்த கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் பொருளின் மேல் விளிம்போடு பொருத்திக் கட்டைவிரலை அடிவிளிம்பு வரை நகர்த்துங்கள். அந்த நீளத்தை அப்படியே கிடையாகத் திருப்பினால், அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். இந்த விகிதம் ஒன்றுதான் முக்கியம். சென்டிமீட்டர் கணக்கு வேண்டாம். இரண்டு அளவுக்கும் நடுவில் முழங்கை லேசாக மடங்கினாலோ பென்சில் பொருளை நோக்கிச் சாய்ந்தாலோ விகிதம் பொய்யாகிவிடும். தொடக்கத்தில் குட்டையான கோப்பைகள் நெட்டையாக வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிறகு தாளில் மெல்லிய நடுக்கோடு ஒன்று. கோப்பை, டம்ளர், குடுவை எல்லாமே அந்த நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக இருக்கும் உருவங்கள். மேலே, கீழே, வயிறு பெருக்கும் இடத்தில், கழுத்து குறுகும் இடத்தில் எனக் குறுக்குக்கோடுகள் போட்டு, இருபுறமும் சம தூரம் குறித்துக்கொண்டால் உருவம் நிமிர்ந்து நிற்கும்.

அடுத்து நீள்வட்டம். இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள், ஏனென்றால் கிண்ணம், வாளி, தட்டு, மூடி என்று வீட்டில் பாதிப் பொருள்கள் இதைத் தாங்கியே நிற்கின்றன. வட்டமான வாயைச் சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரிகிறது. கண்மட்டத்தில் இருந்தால் வெறும் கோடு. கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க வாய் திறந்துகொண்டே போகும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 செ.மீ. உயரமுள்ள, மேலும் கீழும் ஒரே அகலமான டம்ளர் மேசையில் நிற்கிறது. உங்கள் கண் மேசையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில், டம்ளரிலிருந்து கிடையாக 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. அப்போது வாயின் நீள்வட்டம், அகலத்தில் சுமார் 0.42 பங்கு உயரமாகத் தெரியும். அடியின் நீள்வட்டமோ சுமார் 0.57 பங்கு. அடி கண்ணிலிருந்து அதிகம் கீழே இருப்பதால் அதைக் கூடுதலான சாய்விலிருந்து பார்க்கிறோம், அதனால் வட்டத்துக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. அதே சமயம் அது கண்ணுக்குச் சற்றுத் தொலைவு என்பதால் அகலத்தில் ஒரு துளி குறுகியும் இருக்கும். டம்ளரின் பக்கங்கள் கீழே போகப்போக லேசாக உள்வாங்குவது போலத் தெரிவது அதனால்தான்.

பொருள் ஒளி ஊடுருவாததாக இருந்தாலும் அடியின் நீள்வட்டத்தை முழுதாக, மெல்லிசாக வரைந்துவிட்டு, மறைந்திருக்கும் பின்பாதியைப் பிறகு அழியுங்கள். முன்பாதியை மட்டும் வரைந்தால் வளைவு சரியாக விழாது. இரண்டு முனைகளிலும் கூர்மை வரக் கூடாது; இலை மாதிரி கூராக வந்தால் அது இரண்டு வில்களை ஒட்டியது, நீள்வட்டம் இல்லை. தோளிலிருந்து கையை அசைத்து, காகிதத்தைத் தொடாமல் காற்றில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே பென்சிலை இறக்கினால் முனைகள் தாமாக உருண்டு வரும். விளிம்பின் தடிமனையும் மறக்க வேண்டாம். உள்ளே இன்னொரு நீள்வட்டம் போட்டால் அந்தத் தடிமன் இரண்டு பக்கங்களில் அகலமாகவும், முன்னும் பின்னும் ஒடுங்கியும் தெரியும். எல்லா இடத்திலும் ஒரே அளவு போட்டால் கோப்பை அட்டையில் வெட்டியது போல ஆகிவிடும்.

கோப்பையின் கைப்பிடி சரியாக வரவில்லையா? கைப்பிடியை விட்டுவிட்டு, அதற்கும் கோப்பைக்கும் நடுவே தெரியும் இடைவெளியின் வடிவத்தை வரையுங்கள். அந்த இடைவெளிக்குப் பெயர் இல்லாததால் மூளை குறுக்கிடுவதில்லை, கண் பார்த்தது அப்படியே வருகிறது. நாற்காலிக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும். கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களை ஒவ்வொன்றாக வரைந்தால் நாற்காலி தானே எழுந்து நிற்கும். சிற்பிகளும் இந்த இடைவெளியைத் தனிப் பொருளாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புரூஸ் நௌமன் 1960களில் தன் நாற்காலிக்கு அடியில் இருக்கும் இடத்தைக் கான்கிரீட்டில் வார்த்தார். ரேச்சல் வைட்ரீட் 1995-ல் நாற்காலி, ஸ்டூல்களின் அடிவெளிகளை வண்ணப் பிசினில் நூறு கட்டிகளாக வார்த்து வரிசையாக வைத்தார். தினமும் கால்களை நீட்டிக்கொள்ளும் அந்தச் சதுர வெளிக்கு ஓர் உருவம் உண்டு என்பதை அந்தக் கட்டிகள் நேராகக் காட்டிவிடுகின்றன.

நிழலிடும் வேலையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொடங்குங்கள். பாதி மூடிய கண்ணுக்கு விவரங்கள் மறைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே தளங்கள் தெரியும். முதலில் அந்த மூன்றை மட்டும் நிரப்புங்கள், மழுப்புவது அப்புறம். உருண்ட பொருளில் மிக இருண்ட இடம் ஓரத்தில் இருக்காது. ஓரத்துக்குச் சற்று உள்ளே, வெளிச்சம் திரும்பும் இடத்தில் ஒரு கரிய பட்டை ஓடும். அதற்கப்பால், மேசையில் பட்டுத் திரும்பிய ஒளி ஓரத்தை லேசாக வெளிறச் செய்யும். இந்தத் திரும்பிய ஒளியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதை மிக வெளிச்சமாக விட்டுவிடுவது எல்லாரும் செய்வது. நிழல்பகுதிக்குள் இருக்கும் எந்த வெளிச்சமும் ஒளிபட்ட பகுதியைவிட இருட்டாகவே இருக்கும். மேசையில் விழும் நிழலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: பொருளைத் தொடும் இடத்தில் விளிம்பு கூர்மை, விலக விலக மங்கல். முழுவதையும் ஒரே கோட்டால் சுற்றிவளைத்தால் மேசையில் ஓட்டை விழுந்தது போலிருக்கும்.

முடிந்ததும் ஓவியத்தைக் கண்ணாடியின் முன் பிடித்துப் பாருங்கள். இடவலம் மாறியதும், நேராக இருந்ததாக நினைத்த கோப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒன்றுக்கு மேல் வைக்கும்போது

இரண்டு மூன்று பொருள்களுக்குப் போனதும் புதிய சிக்கல் ஒன்று வரும். இரண்டு பொருள்களின் ஓரங்கள் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றால், எது முன், எது பின் என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒன்று, நன்றாக ஒன்றை ஒன்று மறைக்கும்படி வையுங்கள். இல்லையென்றால் தெளிவாக விலக்குங்கள். மேசையின் பின்விளிம்பு குடுவையின் கழுத்தோடோ கோப்பையின் வாயோடோ ஒரே கோட்டில் அமைந்தாலும் இதே குழப்பம். அட்டையில் 6 செ.மீ.க்கு 8 செ.மீ. அளவில் ஜன்னல் வெட்டி, அதன் வழியாக ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பொருள்களை நகர்த்தினால் இவை உடனே தெரியவரும்.

சேர்ப்பதைவிட எடுப்பது கடினம், பலனும் அதிகம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியத்தில் ஒரு பணிப்பெண் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். 45.5 க்கு 41 செ.மீ. அளவுள்ள சிறிய படம், 1660-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டியது. அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், அதில் ஓர் ஆணியும் சில ஆணித் துளைகளும் மட்டும். முதலில் அந்த இடத்தில் குடுவைகள் மாட்டும் சட்டமும், கீழே பின்னல் கூடை ஒன்றும் வரையத் தொடங்கி, பிறகு மறைத்துவிட்டார் என்பது அருங்காட்சியகத்தின் ஆய்வில் தெரியவந்து 2022-ல் அறிவிக்கப்பட்டது. அவை இருந்திருந்தால் கண் சுவரில் அலைந்திருக்கும். இப்போது எல்லாக் கவனமும் குடுவையிலிருந்து இறங்கும் அந்த மெல்லிய பால் இழைக்கே போகிறது.

செயலை எப்படி வரைவது?

பொருள் நகராது. பாத்திரம் கழுவுவதும், படுக்கை விரிப்பதும், துணி மடிப்பதும் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள். தினமும் செய்து முடித்து, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்கும் இந்த வேலைகளை யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. மியர்ல் லேடர்மன் யூகெலீஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், தாயான பின் இதையே கேள்வியாக எழுப்பினார். 1969-ல் வெளியிட்ட அறிக்கையில், பராமரிப்பு வேலைகளே தன் கலை என்று அறிவித்தார். 1973-ல் ஹார்ட்ஃபர்ட் நகர அருங்காட்சியகத்தின் வாசற்படிகளைப் பல மணி நேரம் கழுவியதே அவருடைய கலைநிகழ்வு. 1979–80-ல் நியூயார்க்கின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் நேரில் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். ஒரு வேலையை முழுக்கவனத்தோடு செய்து, பிறர் பார்க்கும் இடத்தில் வைப்பதே அந்த வேலைக்குச் செய்யும் மரியாதை என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

வீட்டில் தொடங்கத் துணி மடிப்பது வசதி. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கும். கைபேசியைப் புத்தகங்களில் சாய்த்துவைத்து, வீட்டில் யாராவது ஒருவர் துண்டு மடிப்பதை ஒரு நிமிடம் படம் பிடியுங்கள், அவர்களுடைய ஒப்புதலோடு. ஆறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காமல் வரையுங்கள். விரல்களிலிருந்து தொடங்காதீர்கள், ஐந்தையும் பிரித்து வரைவதிலேயே நேரம் போய்விடும், கை உயிரில்லாமல் நிற்கும். மணிக்கட்டின் சாய்வு, உள்ளங்கை ஒரு கட்டை, விரல்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு கட்டை, இந்த வரிசையில் போங்கள். புறங்கைப் பக்கமிருந்து பார்த்தால் நடுவிரல், முட்டியிலிருந்து நுனி வரை, கையின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும். துணியின் மடிப்புகளுக்கு ஒரே விதி: எந்த இடம் துணியைத் தாங்குகிறதோ, அங்கிருந்துதான் மடிப்புக்கோடுகள் விரிந்து புறப்படும். தாங்கும் விரலைக் கண்டுபிடித்துவிட்டால் கோடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

செயலை நேராக வரையாமல் அது விட்டுச்சென்ற தடத்தை வரைவது இன்னொரு வழி, பல சமயம் இதுவே மேல். சாப்பிட்டு எழுந்தபின் மேசை, எழுந்துபோனவர் அப்படியே விட்ட போர்வை, காயப்போட்ட துணி. ஒரு தாளை எட்டாக மடித்து, ஏழு நாள்கள், ஒரே இடத்தை, ஒரே நேரத்தில், பத்துப் பத்து நிமிடம் வரையுங்கள். எட்டாவது கட்டத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். மூன்றாம் நாளில் சலிப்புத் தட்டும், விட்டுவிடாதீர்கள். புதிதாக எதுவும் இல்லை என்று கண் முடிவுகட்டிய பிறகுதான், நாற்காலி தினமும் ஒரே பக்கம் இழுபட்டிருப்பதும், கோப்பை எப்போதும் கைப்பிடி வலப்பக்கம் திரும்பி நிற்பதும் படத்தில் சேரத் தொடங்கும்.

வரையவே தயங்குபவர்கள் தேய்த்தெடுக்கலாம். மெல்லிய தாளை மரப்பலகை, பின்னல் கூடை, பாய், பிரம்பு நாற்காலி இவற்றின்மேல் விரித்து, 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அந்தப் பரப்பின் மேடுபள்ளம் அப்படியே எழுந்து வரும். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-ல் பழைய மரத்தளப் பலகைகளைத் தேய்த்துத்தான் இந்த முறையைத் தன் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். தாளை நான்கு மூலையிலும் ஒட்டிவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வரிகள் இரட்டையாக விழும். கனமான ஓவியத்தாள் இதற்கு உதவாது. நுண்ணிய வரிகளை விழுங்கிவிடும்.

அர்த்தம் எங்கிருந்து வருகிறது

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களிடம் இதற்குத் தயார் அகராதியே இருந்தது. மண்டையோடு என்றால் மரணம், அணைந்த மெழுகுவத்தி என்றால் முடிந்த வாழ்வு, கடிகாரம் என்றால் ஓடும் காலம். பார்ப்பவருக்கும் அந்த அகராதி தெரிந்திருந்ததால் அது வேலை செய்தது. இன்று அப்படிக் குறியீடுகளை அடுக்கினால் பெரும்பாலும் செயற்கையாகவே வரும், தவிர்ப்பது நல்லது.

வின்சென்ட் வான் கோ 1888-ல் தன் நாற்காலியை வரைந்தார். இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வைக்கோல் பின்னிய சாதாரண மர நாற்காலி, இருக்கைமேல் புகைக்குழாய், புகையிலை. ஆள் இல்லை. ஆனால் உட்காருபவர் யார், எப்படிப்பட்ட எளிய பழக்கம் உடையவர் என்பதெல்லாம் அங்கே கிடக்கிறது. குறியீட்டு அகராதி இல்லாமலே, பயன்படுத்தியவரின் சுவடிலிருந்து அர்த்தம் வருகிறது.

ஆகவே தேய்மானத்தைத் தேடுங்கள். காய் நறுக்கும் பலகையின் நடுப்பள்ளம், கைபட்டு மெருகேறிய கதவுப்பிடி, ஒரு பக்கமாகத் தேய்ந்த மரக்கரண்டி, உதட்டோரம் சில்லு போன கோப்பை. தேய்ந்த கரண்டியை மேலிருந்து பார்த்து, நடுக்கோடு போட்டு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு வரையுங்கள். அதன் நுனி எந்தப் பக்கம் சாய்வாகக் குறைந்திருக்கிறது என்று தெரியும். கிளறுபவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா, பாத்திரத்தின் அடியை எந்தக் கோணத்தில் சுரண்டுகிறார் என்பதெல்லாம் அந்தச் சாய்வில் பதிவாகியிருக்கிறது. சமமாக வரைந்து 'திருத்தி'விடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் அந்த வீட்டுக் கரண்டி மறைந்து, கடைக் கரண்டிதான் காகிதத்தில் மிஞ்சும். தேய்ந்த பகுதியைப் பெரிதாக்கித் தாளின் நடுவில் வைப்பது, மற்றதை மெல்லிய கோட்டில் விட்டுவிடுவது என்று அழுத்தத்தை மாற்றிப் பார்க்கலாம். ஓரத்தில், யாருடைய பொருள், எதற்குப் பயன்படுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

வண்ணத்துக்குப் போகும்போது

பென்சிலில் பத்துப் பன்னிரண்டு படங்கள் ஆனபின் வண்ணம் தொடலாம். வெள்ளைக் கோப்பையிலிருந்து தொடங்குங்கள், அது தரும் வியப்பு வேறெதிலும் இல்லை. ஒரு சாம்பல்நிற அட்டையில் ஒரு செ.மீ. அளவில் இரண்டு துளைகள் போட்டு, ஒன்றில் கோப்பையின் வெளிச்சப் பகுதியும் மற்றதில் நிழல்பகுதியும் தெரியும்படி பிடியுங்கள். நிழல்பகுதி வெள்ளையே இல்லை என்பது அப்போது தெரியும். மஞ்சள் விளக்கின் கீழ் அது நீலம் கலந்த சாம்பலாகத் தோன்றலாம், மரமேசையின் அருகே அடிப்பகுதி பழுப்பை வாங்கியிருக்கலாம்.

இந்தச் சாம்பல்களைக் கலக்க அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு, வெள்ளை ஆகிய மூன்றும் போதும். நீலமும் பழுப்பும் ஏறக்குறைய சமமாகச் சேர்ந்தால் ஆழ்ந்த சாம்பல்; நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. கலவையைத் துளியளவாக எடுத்து வெள்ளையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளையை எடுத்துக் கருநிறக் கலவையில் கொட்டினால் வெளுக்க வைப்பதற்குள் குழாய் காலியாகிவிடும். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த சாம்பலில் எல்லா நிழலும் ஒரே நிறமாகிவிடும், மேசையிலிருந்து கோப்பைக்கு ஏறிய பழுப்புக்கு அதில் இடமிருக்காது. அதனால் கறுப்புக் குழாயை முதல் சில மாதங்கள் திறக்காமலே வைத்திருங்கள்.